"பாப்பம்" அக்கா

"பயப்படாதேங்கோ, ஒண்டும் ஆகாது" என்று எனக்கு ஒருநாளும் சொல்லாதவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பல் பிடுங்கிய டொக்டர், மகளின் ஆசிரியை, பஸ் கொண்டக்டர், ஒருமுறை வழியில் மறித்த பொலிஸ்காரர்கூட. என் முகம் அப்படி. வாசல் படலையைப் பூட்டினேனா என்று பார்க்க ஒழுங்கை முனையிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். பூட்டித்தான் இருக்கும். உடனே அடுப்பை யோசிப்பேன்.

அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே சொல்தான் வரும். "பாப்பம்."

எஞ்சின் வருமோ அக்கா? பாப்பம். இந்தக் கிழமைக்குள்ளே முடியுமோ? பாப்பம். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ தங்கச்சி என்று என் மனைவி கேட்டதற்கும் ஒருநாள் தலையை நிமிர்த்தாமல் "பாப்பம்" என்றார். கேட்டவள் குசினிக்குள்ளே போய்ச் சிரித்துவிட்டுத்தான் கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. என் போனில் 'எஞ்சின் அக்கா' என்றுதான் இருந்தது. வயது பார்த்தால் என்னைவிட ஐந்தாறு குறைவு. ஆனாலும் நான் அக்கா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார், இடையில் என் மனைவி தங்கச்சி என்பாள். மூன்று பேரும் மூன்று முறை சொல்லிக்கொண்டு ஒரு வண்டியைச் சுற்றி நின்றோம். உடையார்கட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். கராச் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. வாகனம் எங்கே நிற்கிறதோ அங்கே போவதுதான் அவருடைய வழக்கம். கால்வைக்கும் இடத்தில் ஒரு யூரியாப் பை, அதற்குள்ளே ஸ்பனர்கள். பாவாடைக்கு மேலே ஆம்பிளைச் சேர்ட் ஒன்று, அதன் கைகள் மணிக்கட்டு வரைக்கும் பூட்டியிருக்கும், எந்த வெயிலிலும்.

இந்த வேலையை எங்கே பழகினார் என்று போர் முடிந்த எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்க ஒரு ஆள் இருந்தான், என் மனைவியின் தம்பி, என் மச்சான். வாய் சும்மா இருக்காது.

"அக்கா இதெல்லாம் எங்க படிச்சனீங்கள்?"

"வாகனத்துக்குக் கீழ கிடந்து" என்றார் அவர். அப்போதும் வாகனத்துக்குக் கீழேதான் கிடந்தார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

நான் தண்ணீர் கொண்டுபோய் விற்கிறவன். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதிக்கு மேல் சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். சவர்க்காரம் நுரைக்காது. கேத்திலின் அடியில் வெள்ளைக் கல் படியும். எட்டு மைல், எங்கள் பேச்சில் எட்டுக் கட்டை, தள்ளி ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. அங்கே போய், பிக்கப்பின் பின்பக்கம் ஏற்றியிருக்கிற ஆயிரம் லீற்றர்த் தாங்கியை நிரப்பி, முப்பத்திரண்டு வீடுகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஊற்றுவேன். எட்டாம் வகுப்போடு இடப்பெயர்வில் பள்ளிக்கூடம் விட்டவனுக்கு இந்த வண்டிதான் உத்தியோகம். கடைசி வீடு வாய்க்கால் கரையோரம். அந்த வீட்டு ஐயாவுக்குச் சிறுநீரக வருத்தம். சவர்த் தண்ணீர் கொஞ்சமும் வாயில் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவருடைய மனைவியை நான் மாமி என்பேன். ஒவ்வொரு நாளும் குடங்கள் நிரம்பியதும் மாமி கேட்பார்.

"நாளைக்கும் வருவியோ தம்பி?"

"கட்டாயம் வருவன் மாமி."

வாயில் தானாக வரும் அந்தச் சொல். வண்டியைக் கேட்காமலே சொல்லிவிடுவேன்.

ஒரு பங்குனி மாதம், வீடு வீடாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். எஞ்சின் இழுவை குறைந்தது. சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன், நடுவில்தான் நின்றது. பிறகு 'டக் டக்' என்று ஒரு சத்தம். நிற்பாட்டியிருக்கவேண்டும். இன்னும் ஆறு வீடு இருக்கிறதே என்ற யோசனையில் நிற்பாட்டவில்லை. வயல் வரம்புக்குப் பக்கத்தில் வண்டி தானாகவே நின்றது. சாவித் துவாரத்தில் திறப்பைத் திருகினால் ஒரு 'டிக்'. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சுத்தியலால் அடித்தாலும் சுற்றாது என்கிற மாதிரி எஞ்சின் இறுகிப்போயிருந்தது.

மச்சான் உழவு மெசினைக் கொண்டுவந்து வீட்டுக்குக் கட்டி இழுத்தான். அன்று பின்னேரமே வழியையும் சொல்லிவிட்டான்.

"அத்தான், இதை இனிப் பழைய இரும்புக்குப் போடுங்கோ. வவுனியாவில ரீகண்டிஷன் எஞ்சின் வந்து கிடக்காம்."

அதற்கு என்னிடம் வழி இல்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் நல்லவன். என் தாங்கியை இறக்கித் தன்னுடைய மெசின் பெட்டியில் ஏற்றி, வீடு வீடாகத் தண்ணீர் கொடுக்க உதவினான். ஒரு நிபந்தனை. "குளத்துத் தண்ணி திறக்கும்வரைக்கும்தான் அத்தான். வாய்க்காலில தண்ணி வந்திட்டா உழவு. பிறகு என்னைக் கேக்காதேங்கோ." சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்க இன்னும் ஒன்பது பத்து நாள் என்று பேச்சு. அதற்குள் என் வண்டி ஓடவேண்டும். ஓடாவிட்டால் முப்பத்திரண்டு வீடும் வேறு ஆள் தேடவேண்டும். தேடுவதற்கு எங்கள் பக்கத்தில் வேறு ஆளும் இல்லை.

ஒரு லொறிக்காரர்தான் அக்காவின் நம்பர் தந்தார். "வாகனத்தை அவசரப்படுத்தாத ஆள்" என்றார். அது என்ன பாராட்டு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வந்த அன்றைக்கு அவர் எஞ்சினைப் பார்க்கமுதல் என்னைத்தான் பார்த்தார்.

"சத்தம் கேட்டதோ அண்ணை?"

"ஓம். டக் டக் எண்டு."

"கேட்ட உடன நிப்பாட்டினனீங்களோ?"

"ஓமோம், உடன."

அவர் ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்து, விரலில் தொட்டு, மணந்து பார்த்தார். பிறகு கம்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். நிற்பது என்றால் சும்மா நிற்பது. பாலைமரத்தில் ஏதோ ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது.

"ஒரு கட்டை ஓடினனான் அக்கா" என்றேன்.

"ம்" என்று கம்பியை உள்ளே விட்டார்.

எஞ்சினுக்குள்ளே டீசல் பீச்சுகிற நாலு நொசிலையும் கழற்றினார். அந்தத் துவாரங்கள் வழியாக டீசலும் ஒயிலும் கலந்த கலவையை ஊசி போடும் சிறிஞ்சால் விட்டார். நோயாளிக்கு மருந்து விடுவது மாதிரி, ஒவ்வொன்றுக்கும் அளந்து. மேலே பழைய சேலைத் துண்டுகளால் அடைத்தார். கைகளை உமியும் சவர்க்காரத் தூளும் போட்டுத் தேய்த்துக் கழுவினார்.

"மூண்டு நாளைக்கு ஒருத்தரும் தொடக்கூடாது. திறப்பைத் தாங்கோ."

"திறப்பு என்னத்துக்கு அக்கா?"

"நீங்கள் இரவில எழும்பி ஒருக்காத் திருகிப் பாப்பீங்கள்."

திறப்பைச் சேர்ட் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என்னைச் சந்தித்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அவர் சொன்னது முழு உண்மை. அன்று இரவு இரண்டு முறை எழும்பி, திறப்பு இல்லாத வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் நானும் மச்சானும் ஒரு பிழை செய்யப் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் இறுகின வாகனத்துக்கு எல்லோரும் செய்கிற வைத்தியம்தான் அது. கியரில் போட்டு, சங்கிலியைக் கட்டி, உழவு மெசினால் ஒரு இழுவை. சில்லுச் சுற்றும், சில்லோடு எஞ்சினும் சுற்றித்தானே ஆகவேண்டும் என்பது கணக்கு. "திறப்பு இல்லாட்டில் என்ன அத்தான், நேரதானே இழுக்கிறது" என்றான் மச்சான். எனக்குப் பயம். ஆனால் சும்மா இருப்பது அதைவிடப் பயம். சங்கிலியை நானேதான் மாட்டினேன். மச்சான் மெசினில் ஏறி இருந்த நேரம் படலையடியில் ஸ்கூட்டிச் சத்தம்.

அக்கா இறங்கினார். ஹெல்மெற்றைக் கழற்றி ஸ்கூட்டிக் கண்ணாடியில் மாட்டினார். நேராக வந்து வண்டியிலிருந்து சங்கிலியைக் கழற்றினார், பிறகு மெசினிலிருந்து. அதைப் பாம்பு சுருட்டுவது மாதிரிச் சுருட்டிக்கொண்டு போய்ப் பாலைமரத்துக்குக் கீழே போட்டு, அதற்கு மேலேயே உட்கார்ந்தார்.

"அக்காட்டத் தேத்தண்ணி கேளுங்கோ அண்ணை" என்றார். என் மனைவியைத்தான் அக்கா என்றார்.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தினை எஞ்சினை நாங்கள் இப்பிடி இழுத்து எடுத்திருக்கிறம் தெரியுமோ?"

"எடுத்தது எத்தினை, உடைச்சது எத்தினை?"

மச்சான் மெசின் ஸ்ரியறிங்கைத் துடைக்கத் தொடங்கினான்.

"இழுத்தா இறுக்கம் விடும்தான்" என்றார் அவர், சத்தம் கூட்டாமல். "எதை உடைச்சுக்கொண்டு விடுமெண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"அப்ப உங்கட முறையில வருமெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் இப்பவே போறன்."

"பாப்பம்."

"இந்த மனிசியோட கதைக்கிறதுக்கு எஞ்சினோட கதைக்கலாம்" என்று மச்சான் மெசினை முடுக்கிக்கொண்டு போய்விட்டான். தேத்தண்ணி வந்தது. முழுவதையும் குடித்து முடித்தபிறகுதான் அவர் சங்கிலியிலிருந்து எழும்பினார்.

அன்று எஞ்சினின் முன்னால் இருக்கும் பெரிய நட்டில் ஸ்பனரை மாட்டி, அதில் ஒரு நீளக் குழாயைச் செருகி என்னிடம் தந்தார். "பிடியுங்கோ அண்ணை. அமத்தாதேங்கோ, பிடிச்சாக் காணும்." தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். எனக்கு ஒன்றும் அசைந்ததாகத் தெரியவில்லை. அந்த நட்டைச் சுற்றியிருந்த சில்லிலே அவர் ஒரு வெள்ளைச் சோக்குக் கோடு போட்டிருந்தார். அதைக் காட்டினார். கோடு ஒரு நகத்தின் கனத்துக்கு விலகியிருந்தது.

"வந்திட்டுது!" என்று நான் கத்திவிட்டேன்.

"கத்தாதேங்கோ" என்றார். மறுபடி கொஞ்சம் மருந்து விட்டார். மறுபடி சேலைத்துண்டு. மறுபடி போய்விட்டார். அடுத்த நாள் பின்னேரம் எஞ்சின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. அவர் ஒரு நிமிடம் வரை கையைக் குழாயிலேயே வைத்திருந்தார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

எஞ்சின் இறுக்கம் விட்டுவிட்டது, இனி ஓட்டவேண்டியதுதானே என்று நான் நினைத்தேன். அவர் எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினார். ஏன் இறுகியது என்று தெரியாமல் ஓட்டினால் இன்னொரு முறை இறுகும் என்றார். ஒரு பிஸ்டன் உரஞ்சிப் போயிருந்தது, அது ஏறி இறங்குகிற லைனர்க் குழாயிலும் கீறல். அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எஞ்சினுக்குள்ளே தண்ணீர் ஓடுகிற வழிகளை ரோச் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "அக்கா, உங்கட கேத்திலை ஒருக்காக் கொண்டு வாங்கோ" என்றார்.

மனைவி தேத்தண்ணிக்கென்று நினைத்து வெறும் கேத்திலோடு வந்தாள். அவர் மூடியைத் திறந்து எனக்கு உள்ளே காட்டினார். பிறகு எஞ்சினைக் காட்டினார். இரண்டிலும் ஒரே வெள்ளை. தண்ணீர் வழிகள் அரைவாசிக்கு மேல் கல்லாகி அடைத்துக் கிடந்தன. சூடு அளக்கும் சின்னக் குமிழைக்கூடக் கழற்றித் தந்தார், அதுவும் கல்லால் போர்த்தியிருந்தது. முள் ஏன் நடுவிலேயே நின்றதென்று அப்போதுதான் விளங்கியது.

"ரேடியேற்றருக்கு எந்தத் தண்ணி விடுறனீங்கள்?"

நான் வீட்டுக் கிணற்றைக் காட்டினேன். ஒவ்வொரு நாளும் விடிய, தண்ணீர் குறைந்துவிட்டதோ என்ற பயத்தில் மூடியைத் திறந்து ஒரு பேணியாவது ஊற்றாமல் நான் வண்டியை எடுத்ததில்லை. நான்கு வருடம். வேறு எவனும் தன் வண்டிக்கு இவ்வளவு தண்ணீர் காட்டியிருக்கமாட்டான்.

"முதுகில ஆயிரம் லீற்றர் நல்ல தண்ணி" என்றார் அவர். "அதில ஒரு பேணி குடுக்க மனம் வரேல்லையோ?"

"அது சனத்தின்ர குடிதண்ணி அக்கா. அதை எப்பிடி எஞ்சினுக்கு ஊத்துறது?"

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் அல்லது ஏசப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. "இதுவும் உங்கட முப்பத்திரண்டு வீட்டோட ஒரு வீடு அண்ணை" என்றுவிட்டு, புளி இருக்கோ என்று என் மனைவியிடம் கேட்டார்.

இரண்டு கிலோப் பழப்புளியைக் கரைத்து, வினாகிரியும் கலந்து, எஞ்சினின் வயிற்றில் ஊற்றி வைத்தோம். மச்சான் வழியில் நின்று, "அத்தான், மிளகாய்த்தூள் போட்டாச்சோ? உப்புப் பாத்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டுப் போனான். கல் இளகி மண்ணிறச் சேறாக வந்தது. அக்கா கம்பியால் கிண்டி எடுத்தார். நான் நல்ல தண்ணீரால் கழுவினேன், என் கையாலேயே, ஒன்பது வாளி. புதிய லைனரும் பிஸ்டனும் வாங்க அவர் வவுனியாவுக்கு பஸ்ஸில் போய்வந்தார்.

அந்தப் புளி கரைத்த அன்றைக்கு என் மனைவி அவரிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். இதை அவள் எனக்குச் சொன்னது பல மாதங்களுக்குப் பிறகு.

"ஏன் தங்கச்சி, அந்த மனிசன் இரா முழுக்க உழண்டு கொண்டு கிடக்கு. 'வரும்' எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன, வாய் குறைஞ்சு போகுமோ?"

அவர் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டே சொன்னாராம். "ஒருக்கா ஒரு வாகனத்துக்கு 'தாங்கும், கொண்டு போங்கோ' எண்டு சொல்லி அனுப்பினனான் அக்கா. அது போய்ச் சேரேல்லை."

பிறகு இரண்டு பேருமாகக் கொட்டைகளை முழுக்க எடுத்து முடித்தார்களாம்.

குளத்துத் தண்ணீர் பேசிக்கொண்டதைவிட ஒரு நாள் முந்தித் திறந்துவிட்டார்கள். மச்சான் தாங்கியை இறக்கி வைத்துவிட்டு வயலுக்குப் போனான். அவன்மேல் எனக்குக் குறையில்லை. அன்று முழுநாளும் ஒரு வீட்டுக்கும் தண்ணீர் போகவில்லை. என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாமி இரண்டு முறை அழைத்தார். இரண்டாம் முறை நான் எடுக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் போய், "அக்கா, நாளைக்கு?" என்றேன். அவர் என்ன சொன்னார் என்று எழுதத் தேவையில்லை.

மறுநாள் பத்து மணியளவில் எல்லாம் பூட்டி முடிந்தது. அவர் பொக்கற்றிலிருந்து திறப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் போடுங்கோ அக்கா. எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கினாலும் திருகலாம்."

திருகினேன். முனகியது. இரண்டாம் முறை இருமியது, வெள்ளைப் புகை வளவு முழுக்க. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. என் மனைவி குசினி வாசலில் நின்று கும்பிட்டாள், எஞ்சினையா அக்காவையா என்று தெரியவில்லை. அக்கா ஒரு நீளத் திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு இடமாக. பிறகு யூரியாப் பையைக் கட்டி முன் ஆசனத்துக்குக் கீழே வைத்தார்.

"எடுங்கோ. நானும் வாறன்."

அன்று தாங்கியை ஏற்றி, நல்ல தண்ணீர்க் கிணற்றில் நிரப்பிக்கொண்டு போனபோது, அவர் என்னோடு முப்பத்திரண்டு வீட்டுக்கும் வந்தார். வழி முழுக்க உள்ளங்கையை டாஷ்போட்டில் வைத்திருந்தார், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. ஒவ்வொரு வீட்டிலும் நான் குழாயை இழுக்க, அவர் பொனற்றைத் திறந்து ரேடியேற்றர்க் குழாயைத் தொட்டுப் பார்ப்பார். சனங்கள் ஏசினார்கள், பிறகு குடம் வைத்தார்கள். "தண்ணி வண்டிக்கு இப்ப டொக்டரும் சேந்து வாறாவோ?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். அவர் அதைக் கேட்காத மாதிரி நின்றார்.

கடைசி வீட்டில் மாமி படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். குடங்கள் ஏற்கெனவே வரிசையாக இருந்தன. மாமி ஏசவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நேற்று அவருக்கு அரைப் பேணி அரைப் பேணியாத்தான் குடுத்தனான் தம்பி. கேட்டுக் கேட்டுக் குடிச்சவர்."

நான் குழாயை இழுத்துக் குடத்துக்குள் விட்டேன். குடங்கள் நிரம்பின. மாமி முதல் குடத்திலிருந்து ஒரு செம்பில் எடுத்துக்கொண்டு உள்ளே போய், சற்று நேரத்தில் வெறும் செம்போடு வந்தார். மறுபடி நிரப்பி அக்காவிடம் நீட்டினார். அக்கா அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார். அவருடைய கையில் கரி இருந்தது, செம்பிலும் பட்டது.

மாமி என்னிடம் திரும்பினார். "நாளைக்கும் வருவியோ தம்பி?"

கட்டாயம் என்ற சொல் வழக்கம்போல் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை. முந்தின நாள் எடுக்காமல் விட்ட போன் ஞாபகம் வந்தது.

"பாப்பம் மாமி" என்றேன்.

மாமியின் முகம் சுருங்கியது. உள்ளே ஐயா இருமுகிற சத்தம் கேட்டது. அக்கா சேர்ட்டுக் கையால் வாயைத் துடைத்தார். செம்பில் பட்ட கரியையும் அதே கையால் துடைத்தார், ஒருமுறை, இன்னொருமுறை. மாமியிடம் அதைக் கொடுக்கும்போது, தலை குனிந்தபடி சொன்னார்.

"வருவார் அம்மா."

பிறகு போய் வண்டியில் ஏறி, உள்ளங்கையை டாஷ்போட்டில் வைத்துக்கொண்டார். 

இது நடந்து ஆறு வருடமாகிறது. அவருடைய நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. உடையார்கட்டில் விசாரித்தேன், வேறிடம் போய்விட்டார் என்றார்கள், எங்கே என்று தெரியவில்லை. நான் இன்றைக்கும் பயந்த ஆள்தான், படலைக்குத் திரும்பிப் போகிறவன்தான். ஆனால் விடிய நல்ல தண்ணீர் நிரப்பியதும், முதல் பேணியை ரேடியேற்றருக்கு ஊற்றுகிறேன். பிறகு போகிறேன். மழை பெய்தாலும் போகிறேன், எனக்குக் காய்ச்சல் என்றாலும் போகிறேன். வருவார் என்று அவர் சொல்லியிருக்கிறார்.